ரப்பர் செருப்பு மோகினி

பேய்ப் படம் எடுக்க இரண்டு பொருள் வேண்டும்: ஒன்று கேமரா, இன்னொன்று இருட்டு. 1997-ல் குற்றாலத்தில் இருட்டு இலவசம், கேமராவுக்குத்தான் வாடகை. இன்று கேமரா எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. இருட்டைத்தான் வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு மூலை. ஆனாலும் சினிமா எங்களுக்கு அந்நியமில்லை. மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் கதாநாயகியே பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துப் பெண்தானே! போதாக்குறைக்கு டெக் வாடகைக்கு எடுத்து ‘ஈவில் டெட்’ வேறு பார்த்துவிட்டோம். இருபது வயது சாம் ரெய்மி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கக் காட்டு வீடு ஒன்றில் எடுத்த படம். அவருக்கு ஒரு காடு என்றால் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இருக்கிறதே என்று கல்லூரிப் பையன்கள் ஐந்தாறு பேர் கிளம்பினோம்.

கேமராமேன், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணாச்சி. ஆயுதம், பானசோனிக் எம்7. கேமராவைப் பலகையில் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் ரெய்மி தன் பேயை ஓடவைத்தார். அண்ணாச்சியிடம் அந்தக் கதையெல்லாம் செல்லுபடியாகவில்லை.

“கேமரா என் தோள விட்டு எறங்காது தம்பி. நாளைக்கு இலஞ்சி கோயில்ல ஒரு கல்யாணம் இருக்கு.”

ஆகவே அண்ணாச்சியையே டிவிஎஸ் 50-ன் பின்சீட்டில் ஏற்றினோம். பேய் பாய்ந்து வரும் காட்சியில் சைலன்சர் சத்தமும் சேர்ந்து பதிவானது. உறுமல் என்று வைத்துக்கொண்டோம்.

சீசன் முடிந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த லாட்ஜ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: போர்டு மட்டும் படத்தில் தெரியக் கூடாது. பேய் இருக்கிற லாட்ஜ் என்று பேர் வந்தால் அடுத்த ஆனிச் சாரலுக்கு ஈ காக்கை வருமா? ரத்தத்துக்கு நன்னாரி சர்பத்தில் குங்குமத்தைக் குழைத்தோம். கொலையுண்டவன் மேல் எறும்பு ஏற, பிணம் எழுந்து துள்ளியது. சவுரி முடியை ஐந்தருவிக் குரங்கு ஒன்று பறித்துக்கொண்டு மரமேற, கதாசிரியன் அந்த இடத்திலேயே கதையை மாற்றினான்.

பெரிய வில்லன் சாரல்தான். வீடியோ கேமராவுக்குள் ஈரம் புகுந்தால் நாடா டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ‘ட்யூ’ என்ற எச்சரிக்கை வந்து கேமரா தானாகவே நின்றுவிடும். குற்றாலத்தில் அது நின்ற நேரம்தான் அதிகம். ராத்திரியில் எடுத்தால் திரையில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எனவே லென்சில் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டி, பட்டப்பகலில் நள்ளிரவை உண்டாக்கினோம். மோகினி வந்தாள், அவள் காலடியில் உச்சிவெயில் நிழலும் வந்தது. மோகினியாக நடித்தவன் எங்கள் வகுப்புப் பையன். அட்டைக்குப் பயந்து செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

உள்ளூர் கேபிளில் படம் ஓடிய அன்று, எங்கள் ஆச்சி தீர்ப்புச் சொன்னாள்: “ஏலே, பேய்க்குக் காலே கெடயாதும்பாவ. இவ ரப்பர் செருப்புல்லா போட்டுருக்கா!” தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடி போடச் சொல்லி கேபிள்காரருக்குப் போன் வேறு.

அதே 1997 அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாந்துக் காட்டில் இன்னொரு கூட்டம் கேமராவும் கையுமாக அலைந்துகொண்டிருந்தது. புளோரிடாவில் சினிமா படித்து முடித்த டேனியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் இருவரின் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ 1999-ல் வெளியாகி ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்தது. படம்பிடித்தவர்கள் நடிகர்களேதான். கேமரா ஆடியது, கலங்கியது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அதுவரை எங்கள் படமும் அப்படித்தான். அவர்கள் பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை. காட்டியிருந்தால் செருப்பும் தெரிந்திருக்கும்.

சிரிப்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் காலத்தை முந்திவிட்டோம். 2011-ல் ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ பேயையும் சிரிப்பையும் ஒரே தட்டில் பரிமாறியது. அதை இந்தியிலும் எடுத்தார்கள். 2014-ல் தொடங்கிய சுந்தர்.சி.யின் ‘அரண்மனை’ 2024-ல் நாலாவது பாகம் கண்டது. கோடம்பாக்கம் திட்டமிட்டுச் செய்த கலவையை நாங்கள் திட்டமே இல்லாமல் செய்திருந்தோம். காப்புரிமை வாங்கத்தான் தோன்றவில்லை.

இப்போது அக்கா மகன் விஸ்காம் படிக்கிறான். அவனும் பேய்ப் படம் எடுக்கிறான். மழையில் நனைந்தாலும் அவன் போன் ‘ட்யூ’ சொல்வதில்லை. ராத்திரியில் எடுத்தால் நைட் மோடு மரத்தின் இலையை எண்ணிக் காட்டுகிறது. அதை லேப்டாப்பில் போட்டு மறுபடி இருட்டாக்குகிறான். நாங்கள் பகலை இரவாக்கினோம். இவன் இரவைப் பகலாக்கி, அந்தப் பகலை இரவாக்குகிறான்.

“மாமா, லைட்டே இல்லாத எடம் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். ஐந்தருவிச் சாலையில் ரிசார்ட், இலஞ்சிப் பக்கம் ரிசார்ட், முக்குக்கு முக்கு உயர்கோபுர விளக்கு. மிச்சமிருக்கும் இருட்டு வனத்துறை வசம். அதற்கு மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும். லாட்ஜ்காரர்களும் மாறிவிட்டார்கள். போர்டு நன்றாகத் தெரிகிற மாதிரி எடு தம்பி, ரீல்ஸ் ஓடினால் கூட்டம் வரும் என்கிறார்களாம்.

அவன் படத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். துல்லியமான படம், காதைக் கிழிக்கும் ஒலி, மோகினிக்குக் கால் இல்லை, நிழல் இல்லை. யாரும் பயப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். எங்கள் படத்தை அப்படித் தள்ளிவிட யாராலும் முடியவில்லை.

பேய்ப் படம் எடுக்கக் குற்றாலம் வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சீசன் இல்லாத நாளில் வாருங்கள், பேரம் படியும். நன்னாரியைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். சவுரியைப் பைக்குள் வையுங்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழும்போது மட்டும் ஷாட்டுக்கு ஆசைப்பட்டு அருகே போகாதீர்கள். அங்கே ரீடேக் கிடையாது.