முகத்தைப் பார்த்தே கொலையாளியைச் சொல்லும் முறை: ஓர் ஆய்வு

துப்பறியும் படம் பார்ப்போரில் இரு வகையினர் உண்டு. தடயங்களைக் கூட்டிக் கழித்துக் கொலையாளியைக் கண்டுபிடிப்பவர் ஒரு வகை. நடிகரின் முகம் திரையில் தெரிந்ததுமே ‘இவன்தான்’ என்று பக்கத்து இருக்கைக்கு அறிவித்துவிடுபவர் மறு வகை. இரண்டாமவரைப் பாமரர் என்று ஒதுக்குவதே அறிஞர் வழக்கம். ஜேடர்பாளையம் தடுப்பணை ஓரம் மீன் வறுவல் தின்பவரைக் கவனித்தால் இது எத்தனை அநியாயம் என்பது புலப்படும். முள் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு மெல்பவருக்கே காவிரி மீனின் சுவை முழுதாகக் கிட்டுகிறது. அவ்வாறே, ஒரு முகத்தைச் சந்தேகித்துவிட்டுக் கடைசி ரீல்வரை அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பவரே துப்பறியும் படத்தை முழுதாக அனுபவிக்கிறார். படம் எடுத்தவர்களும் அவரை எண்ணியே எடுத்தார்கள் என்பது நம் துணிபு.

முதற்சான்று ஹாலிவுட். ஊமைப் படங்களில் வில்லனாகப் பழகிய வில்லியம் பவலை, பேசும்படம் வந்த புதிதில், 1929இல், ‘தி கேனரி மர்டர் கேஸ்’ படம் துப்பறிவாளர் ஃபைலோ வான்ஸாக ஆக்கியது. அதே ஆண்டு ‘தி தர்ட்டீன்த் சேர்’ படத்தில், மேடையில் டிராகுலாவாகப் பெயர் வாங்கியிருந்த பெலா லுகோசிக்கு இன்ஸ்பெக்டர் வேடம். 1936இல் ‘சார்லி சான் அட் தி ஒபேரா’ இன்னும் துணிந்தது. பிராங்கன்ஸ்டைனின் பூதமாக ஊரை நடுங்கவைத்த போரிஸ் கார்லாஃபையே புத்தி பேதலித்த பாடகனாக அரங்கத்துக்குள் அலையவிட்டது. ஆனால் கொலையாளி அவரல்ல. (யார் என்று சொல்லுமளவுக்கு இவ்வாய்வு தரம் தாழாது.) முகத்தை நம்புகிற ரசிகர் இல்லாவிட்டால் இத்தனை ஏமாற்று வேலைக்கும் அவசியமே இல்லை.

நம் பக்கத்துச் சான்று இதைவிட வலுவானது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியது. அதில் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்பறிபவர் எம்.என். நம்பியார். பிற்காலத்தில் எம்.ஜி.ஆரிடம் அவர் வாங்கிய அடிகளை எண்ணி வளர்ந்த ரசிகர், துப்பறிபவரையே படம் முடியும்வரை சந்தேகிப்பார். ‘அன்றைய ரசிகருக்கு அந்த நம்பியாரைத் தெரியாதே’ என்று மறுப்போர் உண்டு. அதே ஆண்டு, அதே ஸ்டுடியோவின் ‘மந்திரிகுமாரி’யில் சதிகார ராஜகுரு யார் என்று அவர்கள் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

‘முகத்தை வைத்துச் சொன்னால் தப்பாகத்தானே போகும்?’ என்பது அடுத்த மறுப்பு. போகட்டுமே. சரியாகச் சொல்லிவிட்டவருக்குக் கடைசிக் காட்சியில் தலையாட்டுவது தவிர வேறு வேலை கிடையாது. தப்பாகச் சொன்னவர்தான் வாய் பிளக்கிறார். எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) சற்றுக் கடினமான மறுப்பு. நாம் சந்தேகிக்கத் தயாராகும் முன்பே, படத்தின் பெரிய முகமான சிவாஜி குண்டடிபட்டு விழுந்துவிடுகிறார். ஆனால் அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. வெளியே எழுந்து போகச் சாக்கில்லாமல், விசாரிக்கப்படும் ஒவ்வொரு முகத்தையும் மாறி மாறி உற்றுப் பார்ப்பதைத் தவிர ரசிகருக்கு வழி இல்லை. நம் முறைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் தமிழில் இல்லை.

ஆகவே, படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ‘இவன்தான்’ என்றால் அவர் வாயை அடைக்க வேண்டாம். அவர் அந்தப் படத்தை முன்பே பார்த்தவர் என்று தெரிந்தால் மட்டும், தயவுதாட்சண்யமின்றி எழுப்பி வேறு வரிசைக்கு அனுப்பிவிடுங்கள்.