வண்டி குடுக்கறீங்களா?

ஏற்காடு மலையில் எந்தக் கிராமத்துப் பக்கம் போனாலும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் டொயோட்டா குவாலிஸ் ஒன்று நிற்கும். பக்கத்திலேயே அதன் சொந்தக்காரரும் நிற்பார். இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது அபூர்வம். செம்மநத்தத்துக்காரர் ஒருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களெல்லாம் பெயின்ட்டில்தான் வேறு.

2004 மாடல், டி.என். 27. வாங்கும்போது வெள்ளி நிறம். இப்போது என்ன நிறம் என்பது ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் இடையில் நடக்கும் வழக்கு. கிலோமீட்டர் ரீடிங் 3,87,412-இல் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யும் உத்தேசம் அவருக்கு இல்லை. "தானா நின்னதை எதுக்குங்க கிளறணும்?" என்பார். அதற்கப்புறம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக ஓடியதெல்லாம் வண்டியின் வயதில் சேராது என்பது அவர் கட்சி.

அவர் பேச்சில் அடிக்கடி ஒருவர் வந்து போவார்: ஜப்பான்காரன். "ஜப்பான்காரன் சும்மாவா போட்டிருக்கான்?" "ஜப்பான்காரன் தகடு, தட்டிப் பாருங்க." வண்டியில் உழைப்பதெல்லாம் ஜப்பான்காரன் கைவேலை, உடைவதெல்லாம் 'லோக்கல் பார்ட்'. உள்ளதைச் சொன்னால் குவாலிஸ், இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய குடும்ப வண்டியின் இந்திய வாரிசு. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி தொழிற்சாலையில் கூட்டிக் கோர்த்து 2000-இல் விற்பனைக்கு வந்தது. இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிடதியில நின்னு பார்த்துக்கிட்டவன் யாருங்க? ஜப்பான்காரன்தானே?" என்றார்.

2005-இல் அந்தக் கம்பெனி குவாலிஸை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்த வண்டியை யாராவது நிறுத்துவார்களா என்று கேட்பார். பதில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அரை மணி நேரம் போய்விடும்.

மார்கழி விடியற்காலையில் அவர் வண்டி எடுப்பதைப் பார்க்க வேண்டும். சாவியைப் பாதி திருகி நிறுத்துவார். டேஷ்போர்டில் சுருள் விளக்கு ஆரஞ்சாக எரியும். ஹீட்டர் பிளக் சூடேறுகிறது என்று அர்த்தம். விளக்கு அணைந்த பிறகும் திருப்ப மாட்டார். கண்ணை மூடி, உதடு மட்டும் அசையும். மலைச்சாமி சேர்வராயன் பெயரா, மெக்கானிக் பெயரா தெரியாது. பிறகு ஒரே திருகு. மோட்டார் இருமும், உறுமும், பிடித்துக்கொள்ளும். பின்னால் கிளம்பும் வெள்ளைப் புகை, காப்பிக்கொட்டை காயப்போட்ட களத்தைத் தாண்டி அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். அந்த வீட்டம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விடுவார். பனி எது, புகை எது என்று பிரித்துச் சொல்ல மலையில் ஆள் கிடையாது. அந்தத் துணிச்சலில்தான் அவர் ரேஸ் கொடுப்பார்.

2.4 லிட்டர் டீசல் இன்ஜின், 75 குதிரைச் சக்தி. "டர்போ இல்ல, சென்சார் இல்ல. கெட்டுப்போக என்னங்க இருக்கு?" என்பது அவர் வாதம். ரேடியேட்டர் ஹோஸ் இருக்கிறது, கிளட்ச் பிளேட் இருக்கிறது, லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இருக்கிறது. இவை எதுவும் அவர் அகராதியில் செலவு இல்லை, 'சின்னச் சின்னது'. இருபது வருஷமாக வண்டி செலவே வைக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்வார். அந்தச் சின்னச் சின்னதிலேயே கோரிமேட்டு மெக்கானிக் வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார். ஏ.சி. கம்ப்ரஸர் கழற்றப்பட்டுப் பரணில் இருக்கிறது. "ஏற்காட்டுல யாருங்க ஏ.சி. போடுவா?" இது மட்டும் நியாயமான கேள்வி.

அவர் வண்டியில் ஏறுவதற்குச் சட்டதிட்டம் உண்டு. இடது பின்கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருப்பவர் மனது வைக்க வேண்டும். கண்ணாடியை இறக்கும்போது உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தினால், "ஏங்க, ஃபிரிட்ஜை மூடற மாதிரி மூடுங்க" என்று குரல் வரும். மெதுவாகச் சாத்தினால் கதவு மூடாது.

ஆனால் மலையிறக்கத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாடகைக்கு வண்டி எடுத்துவந்த பையன்கள் மேலிருந்து கீழ்வரை பிரேக்கிலேயே காலை ஊன்றிக்கொண்டு வருவார்கள். பாதி மலையில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும், கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடிப்பதும் தளரும். இவர் செகண்ட் கியரில் போட்டுவிட்டால் போட்டதுதான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வளைவில் தொட்டுக்கொள்ள மட்டும். ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார், ஹார்ன் அடித்துத் திரும்புவார். ஓரமாக நிறுத்திப் புகையும் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் புது எஸ்.யு.வி.யைக் கடக்கும்போது மட்டும் வேகம் இன்னும் குறையும். நலம் விசாரிக்க இல்லை. அவர்கள் வண்டியின் பெயரை உரக்கப் படிக்க.

ஆட்கணக்கில் கம்பெனிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. பின்னால் எதிரெதிராக உட்காரும் பலகை சீட்டோடு பத்துப் பேர் என்றது கம்பெனி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது பத்து என்பது பெரியவர்களை மட்டும் எண்ணியது. தை மாதத்தில் மிளகும் காப்பிக்கொட்டையும் மூட்டையாக ஏறும். பிரசவ வலிக்கும் அதே வண்டி, பெண் பார்க்கவும் அதே வண்டி. டீசலுக்கு யாராவது காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். நீட்டாதவர்கள் பட்டியலும் அவரிடம் இருக்கிறது.

டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. "அது சமவெளிங்க" என்று முடித்துவிட்டார். முன்பு 600 ரூபாயாக இருந்த ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022-இல் 5,000 ஆனது. 2025-இல் இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 10,000 ஆனது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. "வயசுக்குத் தகுந்த மரியாதைங்க" என்றார்.

இதெல்லாம் இருக்கட்டும். அவருடைய உண்மையான பொழுதுபோக்கு வண்டியை விற்பதாகச் சொல்வது. டீக்கடையில் நிறுத்தினால் போதும், வெளியூர்க்காரர் யாராவது வந்து, "வண்டி குடுக்கறீங்களா?" என்பார். "குடுத்துடலாம்ங்க, என்ன போச்சு" என்று உடனே சொல்வார். விலை கேட்டால் மூன்றேகால் லட்சம். அந்த வண்டிக்கு யாரும் கொடுக்கத் துணியாத விலை. வந்தவர் சிரித்துக்கொண்டே ஒன்றரை என்பார். இவரும் சிரிப்பார். அன்று முழுக்க ஒரு உற்சாகம் இருக்கும்.

போன தையில் வந்த கேரளத்துக்காரர் இந்த ஆட்டம் தெரியாதவர். மூன்றேகால் என்றதும், "சரி" என்று பையைத் திறந்துவிட்டார். நம்மவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! டயர் நாலும் புதுசு, அது இந்த விலையில் சேராது என்றார். அதற்கும் சரி. மலைக்குச் செய்த வண்டி, கடலோரத்தில் துருப்பிடித்துவிடும் என்றார். வந்தவர் ஊர் மூணாறு. கடைசியில், "ஆர்.சி. வீட்டுக்காரம்மா பேர்ல இருக்குங்க, அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

காப்பி டம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றார். "நான் எப்ப ஒத்துக்கலன்னேன்? எங்க போடணும் கையெழுத்து?"

அந்த வியாபாரம் எப்படி முறிந்தது என்று எனக்கு நேரடியாகத் தெரியாது. அடுத்த வாரம் டீக்கடைக்குப் போனபோது வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. "மூன்றரைக்குக் கேட்டாங்க, நான்தான் குடுக்கல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.