பம்பர் சார்

அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் அதில் ஒரு பம்பர் சார் இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் வேறாக இருக்கலாம். ஆனால் காரின் பின்பக்கத்தை யாராவது இடித்த நாளிலிருந்து அந்தப் பெயர் வழக்கொழிந்துவிடும்.

எங்கள் பம்பர் சாரை வடபழனி சிக்னலில் ஒரு லோடு ஆட்டோ இடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பம்பரைத் தவிர. ஆட்டோக்காரர் இறங்கி வந்தார், குனிந்து பார்த்தார், "வெந்நீ ஊத்தித் தட்டுனா வந்துரும் சார்" என்று வைத்தியமும் சொன்னார். பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

அன்றிலிருந்து காரைக் கழுவ வருகிற பையனுக்குப் பின்பக்கம் தடைசெய்யப்பட்ட பகுதி. சாட்சியம் அழிந்துவிடுமாம். சாரின் செல்போனில் பேத்தியின் படங்களைவிடப் பம்பரின் படங்கள்தான் அதிகம். காலை வெயிலில் ஒன்று, டார்ச் அடித்து ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று.

"கிளெய்ம் போடலாமா, வேணாமா?" இதுதான் கேள்வி. வாக்கிங்கில் கேட்பார், கல்யாணப் பந்தியில் கேட்பார், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரைக்கூடக் கேட்டார். பதில் வேண்டிக் கேட்கிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். நீங்கள் "போடுங்க" என்றால், போடக்கூடாது என்பதற்கு அவரிடம் ஆறு காரணங்கள் உண்டு. "வேண்டாம் சார்" என்றாலோ, "அப்ப நான் கட்டின பிரீமியம்?" என்று முகம் சிவப்பார். புதுப்பேட்டையில் பழைய பம்பர் வாங்கி மாட்டிவிடலாம் என்று சொன்ன கீழ்வீட்டுக்காரரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஒருவழியாகக் கிளெய்ம் போட்டார். சர்வேயர் வந்தார். புதுப் பள்ளத்தைவிட்டுப் பழைய கீறலையே உற்றுப் பார்த்தார். "இது முன்னாடியே இருந்தது போல இருக்கே சார்?" தன் குணநலனையே சந்தேகித்துவிட்டதாகச் சாருக்குத் தோன்றியது.

ஒர்க்‌ஷாப் மதிப்பீடு 9,500 ரூபாய். கம்பெனி தரச் சம்மதித்தது 6,000. மீதி எங்கே போயிற்று? பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம், வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும். ஆக, 4,000 ரூபாய் பம்பருக்குப் பாதிதான். பெயின்ட் வேலை 4,000. அதில் கால்பங்கு பெயின்டின் விலை என்று வைத்து, அதிலும் பாதியைக் கழிப்பார்கள். மாட்டுகூலி 1,500 மட்டும் முழுசாகத் தப்பியது. கடைசியில், 1,500 சிசிக்கு உட்பட்ட காரென்றால் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. பாலிசியில் தேய்மானம் எதையும் பிடிக்காத 'ஜீரோ டெப்' சேர்க்கை ஒன்று உண்டு. போன வருடம்தான் "எதுக்கு தண்டச்செலவு" என்று அதை நீக்கினார். இதை அவரிடம் நினைவுபடுத்திவிடாதீர்கள்.

ஆறாயிரத்தை வாங்கிக்கொண்டு ஓய்ந்தாரா? அங்கேதான் நோ கிளெய்ம் போனஸ் குறுக்கே நிற்கிறது. மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறார். அடுத்த புதுப்பிப்பில் 45, அதற்கப்புறம் 50. கிளெய்ம் பணம் கைக்கு வந்தால் எல்லாம் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்று வைத்து எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தார். ஐந்து வருடத்தில் இழக்கும் தள்ளுபடி 9,600 ரூபாய்.

"ஏங்க, ஆறாயிரம் வாங்கறதுக்கு ஒம்போதாயிரத்து அறுநூறா? கிளெய்மை வாபஸ் வாங்கிட்டு, கைக்காசு போட்டு டச்சப் பண்ணிட்டு வாங்க" என்றார் மாமி. அத்தோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். மாமிக்கு முடிந்துவிட்டது.

சாருக்கு முடியாது. அவர் எல்ஐசி பார்த்து வளர்ந்த தலைமுறை. கட்டினால் ஒருநாள் முதிர்ந்து போனஸோடு திரும்பி வரும். இன்ஷூரன்ஸ் என்றால் அவர் மனதில் அதுதான். கார் பாலிசி முதிர்வதே இல்லை. வருடா வருடம் வாங்கிக்கொள்கிறது, ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றும் தராது. ஒன்றும் நடக்காததுதானே லாபம் என்று நீங்களும் நானும் சொல்லலாம். அவருக்கு வேண்டியது ஆறாயிரமும் இல்லை. அந்தக் கம்பெனியின் பாக்கெட்டிலிருந்து ஒருமுறையாவது பணம் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மூவாயிரத்து அறுநூறு கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை என்று ஒரு மனம். பரவாயில்லையா என்று இன்னொரு மனம்.

சம்மதம் கேட்டு வந்த எஸ்எம்எஸ் இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து தினமும் போன் வருகிறது: "வண்டிய விடறீங்களா சார்?" பாலிசியும் அடுத்த மாதம் முடிகிறது.

எங்கள் குடியிருப்புக்கு வந்தால், லிஃப்டில் அவரைப் பார்த்து "பம்பர் என்னாச்சு சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் இறங்க வேண்டியது இரண்டாவது மாடியாக இருக்கலாம். அவர் உங்களை விடுவது எட்டாவது மாடியில், எக்ஸெல்லைத் திறந்து காட்டிய பிறகுதான்.