வீட்டுக் கணினிக்கு ஒரு பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் பிசி குவெஸ்ட் இதழோடு வந்த சிடியைப் போட்டு ரெட் ஹாட் லினக்ஸை நிறுவும்போது, நடுவில் ஒரு கேள்வி வரும்: ஹோஸ்ட்நேம் என்ன? எங்கள் கல்லூரி ஆய்வகத்து இயந்திரங்களுக்கெல்லாம் நதிப் பெயர்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டுக் கணினிக்கு ‘வைகை’ என்று வைத்தேன். ஆனால் கேட்டது டொமைனோடு சேர்ந்த முழுப்பெயர். டொமைன் வாங்கும் எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. ‘வைகை.ஹோம்’ என்று எழுதினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்ற எண்ணுக்கு எதிரே முழுப்பெயரையும், அதையடுத்துச் சுருக்கப்பெயரையும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கணினி எழும்போது ‘சென்ட்மெயில்’ என்ற வரியில் அப்படியே நிற்கும். தன் பெயருக்கு முகவரி தேடிச் சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் அடுத்த வரிக்கு நகரும். டயல்-அப் காலம் அது. இணைப்பு இல்லாத நேரமே அதிகம் என்பதால், நாம் வைத்த பெயர் வீட்டைத் தாண்டிப் போவது அரிது.

இன்று அப்படியில்லை. ஃபைபர் இணைப்பு அணைவதே இல்லை. டிவி, பிரிண்டர், ராஸ்பெரி பை எல்லாம் ஒரே ரவுட்டரில். வீட்டுக்குள் தீர வேண்டிய தேடல், உலகின் ரூட் சர்வர்கள் வரை போய்விடுகிறது. ‘.ஹோம்’ என்று முடியும் தேடல்கள் அங்கே அவ்வளவு குவிந்ததால், அதை யாருக்கும் ஒதுக்கப்போவதில்லை என்று, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2018இல் முடிவெடுத்தது. ‘.டெவ்’ வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அந்த முடிவொட்டு கூகுளுக்குப் போனது. 2017 இறுதியில் குரோம் அதற்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்றதும், பலருடைய சோதனைத் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. ‘.லோக்கல்’ 2013 முதல் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது. பிரிண்டர்கள் தங்களை அறிவித்துக்கொள்வது அதில்தான். அதை நம் டிஎன்எஸ் சர்வரில் வைத்தால் இரண்டும் மோதும்.

இவற்றுக்கெல்லாம் விடையாக, 2018 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 8375 ‘ஹோம்.ஆர்ப்பா’ என்ற பெயரை வீடுகளுக்கென்றே ஒதுக்கியது. அது தப்பித்தவறி வெளியே கசிந்தாலும் ‘இல்லை’ என்று பதில் சொல்லத் தனி சர்வர்கள் இருக்கின்றன. 2024இல் ஐகேன் ‘.இன்டர்னல்’ என்பதையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு விட்டுவிட்டது.

பெயரின் முன்பாதியான ‘வைகை’ போன்ற பகுதிக்கு டான் லீப்ஸ் 1990இல் எழுதிய ஆர்எஃப்சி 1178 இன்றும் சரியான வழிகாட்டி. செய்யும் வேலையையோ உரியவரின் பெயரையோ கணினிக்கு வைக்காதீர்கள், வேலை மாறும், ஆளின் பெயர் குழப்பும் என்கிறார். நதிப் பெயர்கள் அதனால்தான் நிற்கின்றன. ஆனால் சின்னப் பெயருள்ள நதியாக எடுங்கள். தாமிரபரணி என்று வைத்தால் ஆங்கிலத்தில் ‘டிஎச்’சா ‘டி’யா, ‘p’யா ‘b’யா என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டுவார்கள்.

இப்போது புதிதாக நிறுவுகிறவர்கள் ‘வைகை.ஹோம்.ஆர்ப்பா’ என்றே வையுங்கள். பதிவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் மட்டும் இதற்குக் கிடைக்காது. அது வேண்டுமென்றால் பொது டிஎன்எஸ்ஸில் உள்ள ஒரு டொமைன் வேண்டும்.