மோட்டரு இருக்கு, பிரேக்கு எங்க தம்பி?

வா தம்பி, வா. இப்பிடி இஸ்தோப்புல குந்து. முழங்காலு எரியுதா? எரியட்டும். தார் ரோட்டுல தோலைக் குடுத்துட்டு வந்தா எரியாம குளுகுளுன்னா இருக்கும்? பாட்டி சாயத்தண்ணி ஊத்துறா. சீனியை உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே குடி. கரண்டியெல்லாம் கேக்காத, இது ஸ்டார் ஹோட்டலு இல்ல.

நேத்து ஞாயித்துக்கெழமை. பண்டாரவளைச் சந்தைக்குப் போயிட்டு, கருவாட்டுப் பையோட மேல ஏறி வந்துக்கிட்டிருந்தேன். மொதல்ல ஒரு பலகை வந்திச்சு. பலகை மேல ஆளில்ல. அடுத்து நம்ம நாய் மணி வந்திச்சு, நெஞ்சு கழுத்தெல்லாம் நைலோன் கயிறு. கடைசியா நீ வந்த. கயித்தோட மறு நுனியைப் பிடிச்சிக்கிட்டு, குப்புறப் படுத்தபடி. யாரு யாரை இழுத்துக்கிட்டுப் போறீங்கன்னு எனக்கு ஒரு நிமிசம் வெளங்கல. மணிக்கும் வெளங்கலன்னு நெனைக்கிறேன். அது முகத்துல அப்பிடி ஒரு கேள்வி.

"தாத்தா, இது எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு. நானே செஞ்சது"ன்ன. சரி, செஞ்ச கைக்கு ஒரு கும்பிடு. அதுல எனக்குக் குத்தமே இல்ல. பழைய லேப்டொப் பெட்டரியை ஒடைச்சு, உள்ள இருக்குற விரல் தடிமன் கட்டைகளை எடுத்து, பத்தை வரிசையா சேத்து 36 வோல்ட் ஆக்கினியாம். சில்லுக்குள்ளயே மோட்டராம். கையில ரிமோட்டாம். படிப்புல காட்டாத மூளையை இதுல காட்டியிருக்க. ஆனா மோட்டரு வெலையைக் கேட்டேன் பாரு, அங்கதான் எனக்குத் தலை சுத்திச்சு. உங்கம்மா மலையில எத்தனை நாள் பேரு போடணும்னு விரல் விட்டேன். ரெண்டு கை விரலும் பத்தல, பாட்டி கையையும் கடன் வாங்கினேன். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயை கண்ணால பாக்கவே 2021 வரைக்கும் கத்திக் கெடந்த கூட்டம்டா நாம. அதுல ஒரு பங்கு இப்ப நாய்க்கு முன்னால உருண்டு ஓடுது.

2022-ல செஞ்சிருந்தா உன்னைத் தோள்ல தூக்கியிருப்பேன். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றருன்னு கியூஆர் காட்டி பெற்றோலு வாங்கின காலம் அது. அப்ப கரண்டு வண்டின்னா அதுக்கு ஒரு நியாயம் இருந்திச்சு. ஓ, அந்த வருசந்தான் ஒரு நாளைக்குப் பதிமூணு மணித்தியாலம் கரண்டும் வெட்டினான், இல்ல? அப்ப வேணாம். விடு.

நாங்களும் வண்டி செஞ்சவங்கதான்டா. நீ பொறக்குறதுக்கு முந்தியே இந்தத் தோட்டத்துல பேரிங் வண்டி ஓடிச்சு. சவுக்குப் பலகை ஒண்ணு. கராஜுல தூக்கிப்போட்ட லொறி பேரிங் நாலு. முன் கட்டையைத் திருப்ப ஒரு துண்டுக் கயிறு. அம்புட்டுத்தான். மேல ஸ்டோருல இருந்து கீழ பீலிக்கரை வரைக்கும் கடகடன்னு வருவோம். அந்தச் சத்தத்துல துரை பங்களா நாயெல்லாம் சேந்து ஊளையிடும். மோட்டரு எங்கன்னு கேக்குறியா? மலைதான்டா மோட்டரு. இறக்கம் இருக்குற ஊர்ல எறங்குறதுக்கு எதுக்குடா பெட்டரி? ஆத்துத் தண்ணிக்கு யாராச்சும் பின்னால நின்னு தள்ளிவிடுவானா?

"ஏறி வர வேணாமா"ன்னு கேப்ப. நேத்து எப்பிடி ஏறி வந்த? கக்கத்துல பலகையை இடுக்கிக்கிட்டு நடந்துதான வந்த? நானும் கருவாட்டுப் பையோட நடந்துதான் வந்தேன். எம்பை உம்பலகையை விட எடை கொறைவு.

இந்தச் சாமான் எங்க பொறந்திச்சு தெரியுமா? கலிபோர்னியாவுல. கடல்ல பலகை போட்டு அலை மேல நிப்பானுங்க பாரு, ஆறுகம்பேல நீ வாயைப் பொளந்துக்கிட்டு பாத்தியே, அந்தக் கூட்டந்தான். 1950கள்ல அலை வராத நாள்ல பொழுது போகாம, பலகைக்கு அடியில சில்லைப் பூட்டி ரோட்டுல எறங்கினானுங்க. பொறவு அதுக்கு மோட்டரு வச்சானுங்க. 2012-ல ஸ்டான்போர்டுல படிச்ச பொடியன்க பூஸ்டட்டுன்னு ஒரு கம்பெனியே தொறந்தாங்க. 2020-ல படுத்திருச்சு. அவனுங்க ரோடு பாய் விரிச்ச மாதிரி. நம்ம ரோடு? மழை பெஞ்சா பாதி ரோடு கீழ் மலைக்கு குடி போயிரும். மிச்சப் பாதியில குழி. குழிக்குள்ள தண்ணி. தண்ணிக்குள்ள தவளை. இதுல நீ சர்ருன்னு போறியாம்.

இறக்கம்னா என்னான்னு ஒனக்குச் சொல்றேன் கேளு. பண்டாரவளை நிக்கிறது சுமாரா நாலாயிரம் அடி ஒசரத்துல. பதுளை அதுக்கு ரெண்டாயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட கீழ. ரோட்டுல போனா முப்பது கிலோமீற்றருக்குள்ள. வெள்ளைக்காரன் 1890கள்லயே பண்டாரவளைக்கு ரயிலைக் கொண்டாந்து நிப்பாட்டிட்டான். பதுளைக்கு எப்ப போய்ச் சேந்திச்சு? 1924-ல. நடுவுல ஒரு பெரிய சண்டை வந்திச்சு, பணமும் முடைதான், இல்லைங்கல. ஆனா மலை சும்மா விடல தம்பி. அந்தப் பாதைக்கு ஒரு கணக்கு இருந்திச்சு: 44 அடி போனா ஒரு அடிக்கு மேல ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. அத்தனை பெரிய எஞ்சினை வச்சிருந்தவன் போட்ட கணக்கு அது.

அதுக்காகத்தான் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவுல ஒன்பது வளைவுப் பாலம் கட்டினான். 1921-ல முடிஞ்சிது. இப்ப ஊர் ஊரா வந்து அதுல நின்னு படம் புடிக்கிறாங்க. தெமோதரையில எறக்கிறதுக்கு வழியே கெடைக்கல. பாதையை ஒரு சுத்து சுத்தி, ஸ்டேசனுக்கு அடியிலயே குகை வெட்டி, அதுக்குள்ளால ரயிலை விட்டான். ஒரு கங்காணி தலப்பாவை அவுத்து மறுபடி சுத்திக் கட்டுறதைப் பாத்துத்தான் இஞ்சினியரு துரைக்கு இந்த யோசனை வந்திச்சுன்னு எங்கய்யா சொல்லுவாரு. மெய்யோ பொய்யோ, ஆனா சொல்லும்போது எங்கய்யாவும் தலப்பாவை ஒருக்கா அவுத்துக் கட்டுவாரு. அந்தக் கங்காணிக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்தானான்னு மட்டும் யாரும் சொல்லல.

நம்ம லயத்து இறக்கத்தை நீயே அளந்து பாரேன். 44-க்கு ஒண்ணா? எங்கண்ணுக்கு எட்டுக்கு ஒண்ணு. ரயிலே பயந்த எடத்துல நீ ரிமோட்டை அமுக்கிக்கிட்டு நிக்கிற.

"பிரேக்கு இருக்கு தாத்தா, மோட்டருலயே இருக்கு"ன்ன. எங்கன்னு குனிஞ்சு பாத்தேன். கட்டையும் இல்ல, றப்பரும் இல்ல. அப்புறந்தான் டவுன்ல மோட்டரு சுத்துற பொடியனைக் கேட்டேன். நல்லா வெளக்கினான். நீ பிரேக்கை அமுக்குனா மோட்டரு கரண்டை தின்னுறதை விட்டுட்டு, கரண்டை செஞ்சு பெட்டரிக்குள்ள திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளுதல்லதான் சில்லு மெதுவாகும். நல்ல யோசனைதான். ஆனா பெட்டரியில எடம் இருக்கணும் பாரு. வயிறு முட்டச் சோறு தின்னுட்டு உக்காந்திருக்கவனுக்கு இன்னொரு அகப்பை வச்சா எங்கடா போகும்? பெட்டரி வெடிச்சிரக்கூடாதுன்னு அதுக்குள்ள ஒரு காவல் சுற்று இருக்குமாம். அது கதவைச் சாத்திரும். கதவைச் சாத்தினா பிரேக்கும் போச்சு.

இப்ப ஓம் வீடு எங்க இருக்கு? மலை உச்சியில, மேல் லயத்துத் தொங்கல்ல. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட. காலையில பெட்டரி வயிறு நெறைஞ்சு நிக்கிது. வாசல்ல கால் வச்ச ஒடனே இறக்கம். கலிபோர்னியாக்காரன் சமதரையில ரெண்டு மைலு ஓடி, பெட்டரியில கொஞ்சம் எடம் பண்ணிட்டு, அப்புறம் இறக்கத்தைப் பாப்பான். நீ எடுத்த எடுப்புலயே இறக்கத்தைப் பாக்குற. நேத்து பிரேக்கு ஏன் புடிக்கலன்னு இப்பத் தெரியுதா? நீ நாயைத் திட்டின. பாவம், அது பெட்டரிக்கு என்ன செஞ்சிச்சு?

எங்க பேரிங் வண்டிக்கும் பிரேக்கு இருந்திச்சு. பின்னால ஒரு கட்டை, அதுல ஆணி அடிச்ச பழைய டயர்த் துண்டு. காலால மிதிச்சா தரையைத் தேச்சுப் புடிக்கும். கரண்டு நெறைஞ்சாலும் புடிக்கும், கரண்டே இல்லாட்டியும் புடிக்கும். ஒரு ரூபா செலவில்ல.

சரி, பலகை கெடக்கட்டும். நாய்க்கு வருவோம்.

நாயை எதுக்குடா கட்டுன? ஒன் தோட்டத்துக்குப் பேரு நாயபெத்த. அதுக்காக நாயைப் பெத்த அப்பன் நீதான்னு நெனைச்சுக்கிட்டியா? "வீடியோ தாத்தா, லைக்கு விழும்"ன்ன. லைக்கு விழுந்திச்சோ இல்லையோ, நீ விழுந்த.

நாயும் வண்டியும் சேராத சாமான் இல்ல. பனி நாட்டுல சேந்திருக்கு. 1925-ல அலாஸ்காவுல நோம்ங்கிற ஊர்ல புள்ளைங்களுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து கொண்டு போக ரயிலும் இல்ல, கப்பலும் ஓடல. இருவது ஆளுங்க, நூத்தம்பது நாய்க்குக் கிட்ட, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல பனியில மாத்தி மாத்தி ஓடி, ஆறு நாளுக்குள்ள மருந்தைச் சேத்தாங்க. அங்க நாய் எங்க ஓடிச்சு? முன்னால. ஏன்? முன்னால ஓடுற நாய் அது நிக்கணும்னா நிக்கும், மூச்சு வாங்கணும்னா வாங்கும். வண்டி அது வேகத்துக்கு வரும். நீ பின்னால கட்டுன. இப்ப மோட்டரு வேகத்துக்கு நாய் ஓடணும். அதுக்குக் கால் வலிச்சா ஒனக்கு எப்பிடித் தெரியும்? முதுகுல கண்ணா இருக்கு?

நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது தம்பி. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுலதான் சூட்டை வெளிய தள்ளும். ஓட ஓட விட்டா உள்ளுக்குள்ளயே வெந்து போகும். பாதமும் அப்பிடித்தான். தேயிலை மலை மண்ணுல ஓடப் பொறந்த பாதம், தார்ல இழுபட்டா உரிஞ்சு போகும். இதுல கழுத்துலயும் சுருக்கு. நேத்து முயலைக் கண்டு மணி சட்டுன்னு ஒதுங்கிச்சோ இல்லையோ, கயிறு இறுகி நீ பறந்த. பறக்காம இருந்திருந்தா? அது கழுத்துல்ல போயிருக்கும்.

கேரளாவுல, நெடும்பாசேரிப் பக்கம், 2020 டிசம்பர்ல ஒருத்தன் காருக்குப் பின்னால நாயைக் கட்டி இழுத்துட்டுப் போனான். பின்னால வந்தவன் படம் புடிச்சான், போலீசு புடிச்சுது. 2022-ல ஜோத்பூர்ல இன்னொருத்தன். அவன் ஆரு தெரியுமா? டாக்டரு! உயிரைக் காப்பாத்தப் படிச்சவன். நீ அவங்க மாதிரி கெட்ட எண்ணத்துல செய்யல, எனக்குத் தெரியும். ஆனா கயித்துக்கு எண்ணம் தெரியாது. கயித்துக்கு இழுக்கத்தான் தெரியும்.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. 1907-ல போட்டது, 13-ஆம் இலக்கம், மிருகவதைச் சட்டம். அதுல எழுதி வச்ச அபராதம் எம்புட்டு தெரியுமா? கூடிப்போனா நூறு ரூபா. எங்க தாத்தா காலத்துல நூறு ரூபாய்க்கு மாடே வாங்கலாம். இன்னைக்கு டவுன்ல டீயும் வடையும் சாப்பிட்டு மிச்சம் கேட்டா கடைக்காரன் சிரிப்பான். மூணு மாசம் உள்ள வைக்கலாம்னும் அதுல எழுதியிருக்கு, அதை ஞாபகம் வச்சுக்க. வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல மாட்டுக்கும் நாய்க்கும் சட்டம் போட்டான். அவன் பங்களா நாய்க்குச் சோறு வைக்கத் தனியா ஆள் இருந்திச்சு, சோத்துல எறைச்சியும் இருந்திச்சு. அதை ஆக்கிப்போட்ட நம்ம ஆளு வீட்டுல ரொட்டியும் கட்டச் சம்பலும். அந்தக் கதை இப்ப வேணாம், பாட்டி அழுவா.

மணிக்கு ஒன்னோட வரணும்னா அது கயிறு இல்லாமலே வரும். எங்க பேரிங் வண்டிக்குப் பின்னாலயும் ஒரு நாய் ஓடி வரும். கட்டல, கூப்பிடல. களைச்சா வாகை மரத்தடியில படுத்துக்கும். நாங்க ஏறி வரும்போது எந்திரிச்சு வாலாட்டும். அதுக்குத் தெரிஞ்சிருக்கு, எப்பிடியும் இந்தப் பயலுக நடந்து மேல வந்துதான் ஆகணும்னு.

சாயத்தண்ணி ஆறுது, குடி. பெட்டரியைக் கழட்டி வை. சமையக்கட்டுல அடுப்புக்கிட்ட வைக்காத, அது பத்திக்கிட்டா லேசுல அணையாது. பலகையை வச்சுக்க. நாளைக்கு வா, டயர்த் துண்டு ஒண்ணு எங்கிட்ட கெடக்கு, பின்னால பிரேக்கு வச்சுத் தர்றேன்.

அந்த நைலோன் கயித்தை மட்டும் இங்க குடுத்துட்டுப் போ. ஆட்டுக்குட்டி கட்ட ஒரு கயிறு தேடிக்கிட்டே இருக்கேன்.