ஒரே ஆள், நாலு பார்ட்டி

கேள்வி: மில் வேலையை விட்டுவிட்டுத் தனியாக மோட்டார் காயில் கட்டுகிறேன். காலையில் மூன்று பார்ட்டி ஒன்றாகக் கூப்பிடுகிறார்கள். யாரிடம் முதலில் போவது? (மேட்டூர்)

பதில்: யாருடைய பிழைப்பு நிற்கிறதோ அவரிடம். நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் பக்கம் தறி மோட்டார் எரிந்தால், ஓட்டுகிறவருக்கு அன்றைய கூலியே போச்சு. போர்வெல் மோட்டார்க்காரர் ஒரு நாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்வார். பெரிய ஆலையில் அநேகமாக ஸ்பேர் மோட்டார் இருக்கும். இன்னொன்று, காயில் சுற்றுவதில் வேகம் காட்டலாம், வார்னிஷ் காய்வதில் முடியாது. அது காய்கிற நேரம்தான் அடுத்த பார்ட்டியின் நேரம்.

மற்றவர்களுக்குத் தேதி சொல்லுங்கள். உங்கள் ஊர் அணையே அப்படித்தான் நடக்கிறது: தண்ணீர் திறப்பு டெல்டாவுக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28, கிழக்கு–மேற்குக் கரைக் கால்வாய்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15. 2024-ல் தண்ணீர் போதாமல் டெல்டாவுக்கு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தேதி தள்ளுவது குற்றமில்லை. நாற்று விட்ட பிறகு சொல்வதுதான் குற்றம்.

கேள்வி: எல்லோரிடமும் "நாளைக்கு முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிடுகிறேனே? (கொளத்தூர்)

பதில்: நாலு பேருக்குக் கொடுக்க உங்களிடம் நாலு நாளையா இருக்கிறது?

கேள்வி: பில் கொடுத்து மூன்று மாதம். பணம் கேட்டால் அடுத்த வேலை போய்விடுமோ என்று பயம். (மேச்சேரி)

பதில்: பணம் தராதவரின் அடுத்த வேலை எதற்கு? உடனே 'உத்யம்' என்ற சிறு தொழில் பதிவைச் செய்யுங்கள், இலவசம். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பது முக்கியம். குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் பில்லிலேயே கெடு தேதியை எழுதுங்கள், பாதிப் பேர் அதிலேயே தந்துவிடுவார்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? (ஓமலூர்)

பதில்: சேவை வேலைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் எடுங்கள். ஒரு பார்ட்டியின் கணக்கல்ல, எல்லோர் பில்லையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி, "எங்களுக்கு மட்டும் செய், மாசாமாசம் தர்றோம்" என்கிறது. போகலாமா? (மேட்டூர்)

பதில்: மாதம் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பத்து நாள் என்றால் தாராளமாகப் போங்கள். முப்பது நாளும் வேண்டும் என்றால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள்.