மாப்பிள்ளையின் ரயில்வே

கோப்பிங்கென், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. உங்கள் மாப்பிள்ளை வீட்டிலேயே ஒரு ரயில்வே தொடங்கியிருப்பதை அம்மா சொல்லியிருப்பாள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நிஜ இன்ஜினோடு மல்லுக்கட்டியவர் நீங்கள். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்த ரயில் பைத்தியம் ஊர் ராசி. மெர்க்லின் கம்பெனி 1859-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. முதலில் பொம்மை வீட்டுக்குத் தகரச் சாமான் செய்தார்கள். 1891-ல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயிலைக் கொண்டுபோய் வைத்தார்கள். அன்று முதல் இங்கே பேரன் பெயரைச் சொல்லித் தாத்தாக்கள் தமக்கு ரயில் வாங்கிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் பேரன் இல்லை, ரயில் மட்டும் வந்துவிட்டது.

எல்லாம் அசலில் 87-ல் ஒரு பங்கு. உங்களையும் 87-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 2 சென்டிமீட்டர். பிளாட்பாரத்தில் நிறுத்த அந்த உயரத்துக்கு ஆள் பொம்மைகள் கிடைக்கின்றன. கோபப்படாத முகமாகத் தேடி உங்களுக்கு ஒன்று வாங்கிவைத்தேன்.

தலைவலி ரயிலால் இல்லை, போனால். ஹாம்பர்க் ‘மினியேச்சர் வுண்டர்லாண்ட்’ வீடியோவில் ராத்திரி தொடங்கினால், ஊரார் கட்டிய மலை, பாலம், குகை என்று பார்த்து விடிந்துவிடும். ஒருநாள் காலையில், “மேட்டுப்பாளையத்திலேருந்து ஊட்டி வரைக்கும் கட்டப்போறேன்” என்றார். 46 கிலோமீட்டரை வகுத்துக் கொடுத்தேன்: ஏறக்குறைய 530 மீட்டர். எங்கள் அறை 4 மீட்டர். “சரி, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் மட்டும்” என்று மலையிறங்கினார். திரையில் எதற்கும் நீளம் கிடையாது. பலகையில் வைத்தால்தான் இடிக்கிறது.

போனைப் பிடுங்கலாமென்றால், ரயிலை ஓட்டுவதும் அதுதான்! ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கொரு எண். போனில் எண்ணைத் தொட்டால் அந்த இன்ஜின் மட்டும் நகரும். “ரயில் ஓட்டிட்டிருக்கேன்” என்பார். ரயில் நின்ற இடத்தில் நிற்கும். கட்டைவிரல் மட்டும் ஓடும். பிறந்தநாளுக்குத் திருகு வைத்த கைக்கருவி வாங்கிக் கொடுத்தேன். அதில் ரயிலை மட்டும்தான் ஓட்ட முடியும். போன் இப்போது செருப்பு அலமாரி மேல்.

அடுத்தது ஜல்லி. சிலீப்பர் கட்டைகள் நடுவே பொடிக் கல்லைத் தூவி, பிரஷ்ஷால் தட்டிச் சீராக்கி, தண்ணீர் தெளிக்க வேண்டும். அதில் என் பாத்திர சோப்பு ஒரு சொட்டு. இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காதாம். பிறகு, நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால், காய ஒரு ராத்திரி ஆகும். “பசை காயற வரைக்கும்...” என்றபடி செருப்பு அலமாரிப் பக்கம் நகர்ந்தார். பசை காயும்வரை வெங்காயம் நறுக்கலாம் என்று சட்டம் போட்டேன். குழம்பு இப்போதெல்லாம் சீக்கிரம் கொதிக்கிறது.

இணையத்தை ஒரேயடியாக விலக்கவும் இல்லை. எந்த ஒயர் எதில் சேரும் என்பதை அங்கேதான் பார்த்தாக வேண்டும். வேலை நடுவே வரும் சந்தேகங்களைத் தாளில் குறித்து வைத்து, கை கழுவியபின் மொத்தமாகத் தேடுகிறார். பாதிக் கேள்விக்கு அதற்குள் கையே பதில் சொல்லிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே டிரில் சத்தம் கேட்கக் கூடாது, கடைகளும் அடைப்பு. அன்று பெயின்ட், இல்லாவிட்டால் புல் நடவு. நைலான் இழைக்கு மின்னேற்றித் தூவினால் ஒவ்வொரு புல்லும் செங்குத்தாக நிற்கிறது. போன வாரம் என்னையும் நாற்று நட உட்கார்த்திவிட்டார். நன்றாகத்தான் இருந்தது, அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்

பி.கு.: ஜல்லி சரியாக விழுந்திருக்கிறதா என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம். வீடியோ காலில் வராதீர்கள். அந்தச் சாக்கில் போன் கைக்குப் போய்விடும். போட்டோ பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் பதிலும் தபாலிலேயே வரட்டும், நிதானமாக.